மஞ்சள் மேல் மஞ்சள்: பேரையூர் வெயிலில் மூன்று திரைகளோடு ஒரு நாள்

போனவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், மின்னணுத் திரைகள் தருவித்துக் கொடுக்கும் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் ஜெயா, வண்டி ஓட்டிய செல்வம் அண்ணன். அங்கே போன பிறகு எங்களோடு இருந்தவர்கள் இரண்டு பேர்: பேரையூருக்கு அந்தப் பக்கம் போர்வெல் போட்டு வெங்காயம் வைக்கும் பாண்டியம்மா, அவர் கணவர் கருப்பையா. வேறு யாரும் இல்லை. பிறகு ஒருவர், "நானும் இருந்தேன், அவர்கள் அப்படித்தான் முடிவு செய்தார்கள்" என்று சொல்லக்கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

இந்த வலைப்பூவை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் எழுதுவது கோயில் பயணங்கள்தான். எந்த பஸ், எத்தனை மணிக்கு நடை திறக்கும், எங்கே சாப்பிட்டோம், மொத்தம் எவ்வளவு ஆனது, இவ்வளவுதான் என் எழுத்து. இது கோயில் பயணம் இல்லை. ஆனால் என்னைப்போல வீட்டில் இருந்துகொண்டே சின்னதாக ஏதாவது கருவி செய்து விற்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதற்குத் திரை தேர்ந்தெடுக்கும் முன்னால் நீங்களும் இப்படி ஒரு பயணம் போக வேண்டியிருக்கும். அதற்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஒத்தக்கடையில். முன் அறைதான் பட்டறை. இவர் விவசாய மோட்டார்களுக்கு ஒரு பெட்டி செய்கிறார். மோட்டாருக்கு வரும் கரண்டில் மூன்று ஃபேஸ் உண்டு. வயரின் நிறத்தை வைத்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்பார்கள். மூன்றில் ஒன்று வராதபோது மோட்டாரை ஓட்டினால் சில நிமிடத்தில் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, காயில் என்பார்கள், கருகிவிடும். எங்கள் பெட்டியின் திரையில் மூன்று கட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் அதனதன் நிறத்தில். வருகிற ஃபேஸின் கட்டம் நிறத்தோடு தெரியும், வராததன் கட்டம் மறைந்துவிடும். எழுத்துத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பதுதான் எண்ணம். நான் பத்தாவதோடு நின்றவள். வீடியோ பார்த்துப் பார்த்து ஈயப் பற்றவைப்பு கற்றுக்கொண்டேன், பிறகு திரையில் என்ன எந்த இடத்தில் எந்த நிறத்தில் வர வேண்டும் என்று அமைப்பதையும் கற்றுக்கொண்டேன். ஆகவே திரையின் நிறம் என் பொறுப்பு.

முதல் பெட்டிகளுக்குத் திரை கொடுத்தபோதே ஜெயா சொன்னாள், பின்னணியைக் கறுப்பாக வையுங்கள் அக்கா என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. புதுத் தொழில். கடிதம் எழுதினாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிற வீடு எங்களுடையது. கறுப்பில் எப்படி ஆரம்பிப்பது? பின்னணி முழுவதும் நல்ல மஞ்சள் வைத்தேன். இவர் மட்டும் ஒருமுறை, "மஞ்சமேல மஞ்சக் கட்டமா? தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கட்டத்தைச் சுற்றிக் குங்குமச் சிவப்பில் ஒரு கோடு போட்டேன், கட்டம் மறைந்தால் கோடும் மறையும். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, பூஜை அறையில் பெட்டியை வைத்து ஓட்டிப் பார்த்தோம். பளிச்சென்று தெரிந்தது. இவரும் சரி என்றார்.

பாண்டியம்மா தை மாதம் அந்தப் பெட்டியை வாங்கினார். மோட்டாரைத் தானாக நிறுத்துகிற கருவி ஒன்று ஏற்கெனவே அவர்களிடம் இருந்திருக்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்கி அது இரண்டு முறை எரிந்துபோனதால் கழற்றி வைத்திருந்தார்கள். எங்கள் பெட்டி வந்ததும், இனி இதைப் பார்த்தே ஓட்டலாம் என்று அதைத் திரும்ப மாட்டவில்லை. பங்குனியில் ஒரு நாள் உச்சி வெயிலில் மஞ்சள் ஃபேஸ் போய்விட்டது. பாண்டியம்மா திரையைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் இருந்த இடத்தில் மஞ்சள்தான் இருந்தது, சிவப்புக் கோடு போனது அந்த வெயிலில் கண்ணில் படவில்லை. பொத்தானை அழுத்தினார். போருக்குள் கிடக்கும் மோட்டார், உறுமினாலும் மேலே கேட்காது. கருகிவிட்டது. மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டி இறக்கப் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் வெங்காயம் போய்விட்டது. காயில் கட்டிய செலவை நாங்கள் கொடுத்தோம். வெங்காயத்தை எப்படிக் கொடுப்பது?

இப்போது புதிதாகத் திரை செய்யச் சொல்ல வேண்டும். இந்த முறை மேசைமேல் வைத்து முடிவு செய்வதில்லை, கெட்டுப்போன இடத்திலேயே போய் நின்று முடிவு செய்வது என்று நான்தான் சொன்னேன். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் முடிவெடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

காலை 5.50க்கு ஒத்தக்கடையில் வண்டி எடுத்தோம். ஆம்னி வேன், போய்வர வாடகை 2,300, டீசல் சேர்த்து. பஸ்ஸில் போனால் நான்கு பேருக்கும் ஐந்நூறுக்குள் முடியும். ஆனால் மூன்று திரைப் பெட்டிகளும் ஒரு பேட்டரியும் கொண்டு பஸ் மாற முடியாது. 6.25க்குத் தல்லாகுளத்தில் ஜெயாவை ஏற்றிக்கொண்டோம். ஏறியதும் அவள் அம்மா போன் செய்தார். சௌராஷ்டிர மொழியில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்தாள்.

"என்னம்மா, வீட்டுல திட்டா?" என்றார் செல்வம் அண்ணன்.

"ஞாயித்துக்கிழம எவளாவது வெங்காயக் காட்டுக்குப் போவாளான்னு கேக்குறாங்கண்ணே."

"சரியாத்தான கேக்குறாங்க. இந்தா, நம்ம மாப்ளயப் பாரு. பொண்டாட்டியக் கொடைக்கானல் கூட்டிப் போகச் சொன்னா பேரையூருக்குக் கூட்டிப் போறான்."

இவர் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமங்கலத்தில் 7.30க்குச் சாப்பாடு. நான்கு பேருக்கும் இட்லி, பொங்கல், காபி, 310 ரூபாய். சாம்பார் நன்றாக இருந்தது. வண்டி மறுபடி கிளம்பியதும் ஜெயா மூன்று திரைகளையும் எனக்கு இன்னொரு முறை விளக்கினாள். உங்களுக்கும் உதவும் என்பதால் என் சொல்லில் தருகிறேன்.

முதலாவது டி.எஃப்.டி., செல்போன் திரையின் இனம். எந்த நிறமும் எந்தப் படமும் வரும், பின்னால் மாற்றவும் முடியும். நாங்கள் முன்பு போட்டதும் இதுதான். இப்போது கொண்டுபோனது மூன்று மடங்கு வெளிச்சம் கூடியது. இரண்டாவது, நாம் வரைந்து கொடுக்கிற உருவத்தை மட்டும் காட்டும் எல்.சி.டி. கண்ணாடி, கறுப்புத் தரை, அதில் வண்ண உருவங்கள், பின்னால் விளக்கு. வாஷிங் மெஷினில் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதும் வரைந்து கொடுக்கிற கண்ணாடிதான், ஆனால் தரை சாம்பல் நிறம், உருவம் கறுப்பு. பழைய கால்குலேட்டர் மாதிரி. இது வெளியிலிருந்து விழும் வெளிச்சத்திலேயே தெரியும், இருட்டில் மட்டும் பின்விளக்கு. வண்ணம் வேண்டுமென்றால் மேலே மெல்லிய வண்ணப் படலம் அச்சிட வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஐந்நூறு கண்ணாடிக்குக் குறைந்து செய்து தரமாட்டார்கள், நாங்கள் கொண்டுபோனவை மாதிரிக்குத் தந்தவை. ஒருமுறை அச்சு போட்டுவிட்டால் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது.

டி.கல்லுப்பட்டி வழியாகப் பேரையூர் போய்ச் சேர்ந்தபோது 8.50. அங்கிருந்து காட்டுக்கு ஆறு கிலோமீட்டர், கடைசி ஒன்றரை மண் பாதை. வேன் மீட்டர்படி வீட்டிலிருந்து மொத்தம் 67 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் உழுது போட்ட நிலம், மழை இல்லாமல் கட்டி கட்டியாகக் கிடந்தது. மேகம் என்று ஒரு துண்டு இல்லை. எங்களுக்கு வேண்டிய வெயில் அதுதான் என்றாலும் பார்க்க மனசு கனத்தது.

பாண்டியம்மா மோட்டார் ரூமுக்கு வெளியே நின்றிருந்தார். வாங்க என்றார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் கொண்டுபோன பூவையும் பழத்தையும் வாங்கி ஜன்னலில் வைத்தார். அவர்கள் இரண்டு பேருமே முன்பு அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். கருப்பையா பத்து வருடம் திருப்பூரில் இருந்து சேர்த்ததில் இந்த ஒன்றே முக்கால் ஏக்கர். குடும்பத்தில் இவர்கள் பெயரில்தான் முதன்முதலாகப் பட்டா. இதையெல்லாம் தை மாதத்தில் நாங்கள் பெட்டி மாட்ட வந்தபோது பாண்டியம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னது. இந்த முறை அந்தச் சிரிப்பு இல்லை. எங்கள் பழைய பெட்டி இன்னும் சுவரில்தான் இருந்தது. அதன் மூடியில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

சோதனை முறை எளிமையானதுதான். மூன்று திரைகளையும் ஒரே மாதிரி தகரப் பெட்டியில் இவர் பொருத்தியிருந்தார். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச். அதைத் தட்டினால் ஏதாவது ஒரு ஃபேஸ் போனதாகத் திரை காட்டும். இவர் சொல்லாமல் தட்டுவார், பாண்டியம்மா மூன்றா இரண்டா என்று சொல்ல வேண்டும். முதலில் பெட்டி முன்னால் நின்று, பிறகு வெங்காயப் பாத்தி தொடங்குகிற வரப்பிலிருந்து. வரப்பு நாற்பது தப்படி தூரம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபேஸ் போனால் அங்கிருந்துதான் அவர் பார்க்க முடியும்.

பத்து மணிக்கு மூன்றுமே தெரிந்தன. முதல் திரை வரப்பிலிருந்துகூடத் தெரிந்தது. ஜெயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவரும் முதல் முறையாகப் பேசினார். மூன்றாவது திரையைப் பார்த்துப் பாண்டியம்மா, "என்னக்கா இது, செத்த மாட்டுக் கண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

பன்னிரண்டரைக்கு நிலைமை வேறு. தகரப் பெட்டியைத் தொட முடியவில்லை. முதல் திரையின் மேல்மூலையில் ஒரு கறுப்புக் கறை தோன்றி, மை ஊறுவதுபோலக் கீழே இறங்கியது. சூடு அதிகமானால் அப்படி ஆகும், ஆறினால் சரியாகிவிடும் என்றாள் ஜெயா.

"அது ஆறுற வரைக்கும் மோட்டார் நிக்குமா தாயி?" என்று கருப்பையா கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இரண்டாவது திரைக்கு முன்னால் பாண்டியம்மா வெகுநேரம் நின்றார். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்தார். "எம்மூஞ்சிதான் தெரியுது" என்றார். கறுப்புக் கண்ணாடி வெயிலில் கண்ணாடியாகவே ஆகிவிட்டது. இதுதான் நான் முன்பு வேண்டாம் என்று சொன்ன கறுப்பு. அதைப் போட்டிருந்தாலும் இந்த இடத்தில் முழுதாகக் காப்பாற்றியிருக்காது. அந்த நினைப்பில் ஒரு நிமிடம் மனசு லேசானது. உடனே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது திரைமுன் நின்று ஏழு முறை சொன்னார், ஏழும் சரி. வெயில் ஏற ஏற அது இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வரப்புக்குப் போனதும் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தில் மூன்று தப்பு.

மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்தோம். கட்டிக்கொண்டு போன புளியோதரையை எடுத்து வைத்தேன். பாண்டியம்மா கை நீட்டவில்லை. ஜெயாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நீதான இதுக்குப் படிச்ச பிள்ள. மஞ்சமேல மஞ்சளப் போட்டுக் குடுத்திருக்கியே. ஒரு நாளாவது வெயில்ல நின்னு பாத்தியா?"

ஜெயா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதாங்க" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும்.

"அவ இல்ல, பாண்டியம்மா. அவ கறுப்புத்தான் வைக்கச் சொன்னா. நான்தான் கேக்கல. மங்களகரமா இருக்கட்டும்னு மஞ்ச வச்சது நானு. பூஜை ரூம்ல வச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

பாண்டியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நீங்க கும்புட்டுத்தான் குடுத்தீங்க. நானும் கும்புட்டுத்தான் வாங்குனேன்" என்றார். "சாமி எந்த வெளிச்சத்துலயும் பாத்துக்கிரும்க்கா. நான்ல பாக்கணும்."

"விடு" என்றார் கருப்பையா.

"என்னத்த விட? ஆறு மாசமா நாந்தான கூலிக்குப் போறேன்." பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "ஐப்பசி பொறக்குறதுக்குள்ள வெத வெங்காயம் ஊணணும். அந்த நிறுத்துற மிசினையும் திரும்ப மாட்டியாச்சு. ஆனா அதுவும் ரெண்டு தடவ எரிஞ்சது. நீங்க நல்ல பெட்டியாக் குடுத்தா ஊணுறேன். இல்லாட்டி மோட்டாரத் தொட மாட்டேன், காட்டக் குத்தகைக்கு விட்டுட்டு அடுத்த ஆளு காட்டுல களை எடுக்கப் போயிருவேன். அங்க எந்தப் பெட்டியும் பாக்க வேணாம்."

இவர்தான் மெதுவாக ஆரம்பித்தார். ஒரு சைரன் வைக்கலாமா என்றார். பக்கத்துக் காட்டுக்காரர் சைரன் வைத்து, காற்றடித்தாலும் கத்துகிறது என்று வயரைப் பிடுங்கிப் போட்ட கதையைக் கருப்பையா சொன்னார். அப்புறம் பாண்டியம்மாவே எழுந்து மூன்றாவது திரைக்குப் போய், வோல்டேஜ் எண்கள் ஓடுகிற இடத்தை விரலால் தட்டினார். "இந்த நம்பரு எனக்கு எதுக்கு? இம்புட்டு எடத்த இது அடைச்சுக்கிட்டு இருக்கு."

அந்த எண்கள் இவருக்குப் பெருமை. அதற்காக எட்டு மாதம் உழைத்திருக்கிறார். இவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் இவரே ஒரு அட்டையைக் கிழித்து, கண்ணாடி அளவுக்கு மூன்று பெரிய கட்டங்கள் வரைந்து, கரித்துண்டால் கறுப்பாக்கினார். பெட்டிமேல் அதை வைத்துவிட்டு எல்லோரும் வரப்புக்குப் போனோம். தெரிந்தது. ஒரு கட்டத்தை மறைத்தால் அதுவும் தெரிந்தது. பாண்டியம்மா ஐந்துக்கு ஐந்து சரியாகச் சொன்னார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது கருப்பையா கேட்டார். "எந்த ஃபேஸ் போச்சுன்னு லைன்மேன் கேப்பாரே. மஞ்சளா நீலமான்னு நெறத்தச் சொன்னாத்தான அவரு கெளம்புவாரு?" கட்டங்களுக்கு மேல் வண்ணப் படலம் அச்சிட்டால் நிறம் வந்துவிடும். ஆனால் தூரத்தில் கொஞ்சம் மங்கும், அது பரவாயில்லை என்கிறாள் ஜெயா. அவளுக்குத் தெரியாதது, தகரப் பெட்டிக்குள் இந்தச் சூட்டில் அந்தப் படலம் இரண்டு கோடை தாங்குமா என்பது. செய்கிறவர்கள் தாங்கும் என்கிறார்கள். அவர்கள் ஊரில் பேரையூர் வெயில் இருக்காது. வெளுத்துப்போய் மஞ்சள் சாம்பலோடு கலந்துவிட்டால் எது போனது என்று பார்த்துச் சொல்ல முடியாது, பங்குனி மாதிரி இன்னொரு முறை நிறமே ஏமாற்றிவிடும். நிறமே வேண்டாம், ஒன்று இரண்டு மூன்று என்று இடத்தை வைத்துச் சொல்லலாம் என்றால், அவசரத்தில் தலைகீழாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கருப்பையாவுக்குப் பயம்.

3.20க்குக் கிளம்பினோம். பாண்டியம்மா வண்டி வரைக்கும் வந்தார். புளியோதரை கொண்டுபோன தூக்குவாளியைக் கழுவிக் கொடுத்திருந்தார், அதற்குள் கொஞ்சம் மொச்சை இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. டி.கல்லுப்பட்டி தாண்டி ரோட்டோரத்தில் ஒரு அய்யனார் கோயிலில் நிறுத்தச் சொன்னேன். கற்பூரம் ஏற்றினேன், என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. திரும்பி வந்து ஏறினேன். ராகுகாலம் தொடங்கும்போது திருமங்கலம் பக்கம் வந்துகொண்டிருந்தோம், முடிவு எடுத்திருக்கவில்லை. டீ 60 ரூபாய். வீடு சேர 6.15. பூ, பழம், கற்பூரம் எல்லாம் சேர்த்து அன்றைய மொத்தச் செலவு 2,845.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். திரையைக் காலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து மணிக்கு எல்லாமே நன்றாக இருக்கும். பெட்டிக்குள் வைத்து மூடி, உச்சி வெயிலில் ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டுப் பாருங்கள். நீங்கள் பார்க்காதீர்கள், அதைப் பயன்படுத்தப் போகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன வருகிறது என்று முன்பே தெரிந்த கண்ணுக்கு எதுவும் தெரியும். வண்ணம் தேர்ந்தெடுக்கும்போது அதே நிறம் வேறு எங்கே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பொட்டு வைக்க மூடியில் ஒரு இடம் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடிமேலேதான் வைப்பார்கள், நானும் அப்படித்தான் வைத்திருப்பேன். குடை கொண்டுபோங்கள். குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர்.

நான் சாமியை நம்புகிறவள். இனியும் நம்புவேன். ஆனால் அன்றைக்குப் பூஜை அறையில் அந்தத் திரை பளிச்சென்று தெரிந்தபோது, அதை உத்தரவு கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன். அது வெறும் இருட்டு. இருட்டில் எந்தத் திரையும் தெரியும். என் ஆசையை நான் சாமிமேல் ஏற்றி, அது பாண்டியம்மாவின் வெங்காயத்தில் போய் இறங்கிவிட்டது. இதற்கு என்ன பரிகாரம் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒழுங்காக ஒரு திரை செய்து கொடுப்பதைத் தவிர வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஐந்நூறு கண்ணாடிக்குமான வரைபடத்தை வருகிற வெள்ளிக்கிழமை காலையில் ஜெயா அனுப்பியாக வேண்டும். வந்து சேர ஐந்து வாரம் ஆகும், அதற்குமேல் தள்ளினால் பாண்டியம்மா ஐப்பசிக்குள் ஊன்ற முடியாது. வண்ணப் படலம் அச்சிட்ட சாம்பல் தரைத் திரையை வெட்டவெளியில் இரண்டு கோடைக்கு மேல் வைத்திருப்பவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அதில் மஞ்சள் இன்னும் மஞ்சளாக இருக்கிறதா என்று மத்தியான வெயிலில் பார்த்து எனக்கு எழுதுங்கள். வெளுத்திருந்தாலும் எழுதுங்கள். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.